வெள்ளைக் கோட்டுகளோடு போன ஃபைல்

பத்து நாள் விடுமுறையில் அக்காவின் கல்லூரிப் பை ஆணியை விட்டு ஒருமுறைகூட இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு அதை இறக்கியபோது மேலே மெல்லிய வெள்ளைப் போர்வை போலப் பஞ்சு படிந்திருந்தது. கீழே சலவைக்கடை, மேலே வீடு என்று இருப்பவர்களுக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை, பஞ்சுதான் தொல்லை.

நாற்பத்து மூன்று வயதில் துணி அறிவியல் பட்டப்படிப்பில் முதல் வருடம் சேர்ந்தவள் அவள். பதினெட்டு வயதுக்காரர்கள் நிறைந்த அந்த வகுப்பு முதல் நாளே அவளுக்கு அக்கா என்று பெயர் வைத்துவிட்டது. இப்போது கல்லூரிக் காவலாளியும் அக்கா, நூலகரும் அக்கா. அதே கல்லூரியில் மூன்றாம் வருடம் கணிதம் படிக்கிற பெற்ற மகள், வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடுகிறவள்; கேலியோ கோபமோ வந்தால் அவளும் அம்மாவை அக்கா என்பாள்.

இடைப்பருவத் தேர்வில் அக்கா வேதியியலில் ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கியிருந்தாள். அந்த விடைத்தாள் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. விடுமுறையின் நான்காம் நாள், 'குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர இயலவில்லை' என்று நாலு வரி எழுதி, உறையில் போட்டு, துணிக்கறைகளைப் பற்றிக் குறிப்பெழுதும் தன் நீல ஃபைலின் கடைசிப் பைக்குள் அவள் செருகி வைத்தது மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

உண்மையில் குடும்பத்தில் ஒரு சூழ்நிலையும் இல்லை. கணவர் பாய்லரோடு காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார். மகள் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாள். பாட்டுதான் கொஞ்சம் சகிக்காது. மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது.

இன்றைக்கு அக்கா போட்டிருந்த திட்டம் எளிமையானது. பத்து மணிக்குக் கல்லூரி அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுப்பது, பதினொரு மணிக்குத் திரும்பி வந்து ஹோட்டல் மேஜைவிரிப்புகளை இஸ்திரி போடுவது. அவ்வளவுதான். கதை முடிந்தது.

கடிதத்தை எடுக்க அலமாரியைத் திறந்தாள். ஃபைல் இல்லை.

கட்டிலுக்கு அடியில் இல்லை. தையல் மெஷின் மேல் இல்லை. சர்க்கரை டப்பாவைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். பதினொன்று மட்டும் அவளைப் பார்த்து இளித்தது.

படியில் தடதடவென்று இறங்கிக் கடைக்குள் வந்தாள். அவள் கணவர் இஸ்திரி மேஜையில் ஒரு சட்டைக் காலரோடு மும்முரமாக இருந்தார். தெருவுக்கே அவர் மாஸ்டர். பேச்சு குறைவு. சட்டைக்குப் பொத்தான் எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு நாளைக்கு அவர் பேசுகிற வாக்கியங்கள் என்று வாலு சொல்வாள்.

அந்தக் கடைக்கு மூன்று சட்டங்கள் உண்டு. மூன்றும் மாஸ்டர் போட்டவை. எந்தப் பொருளும் வாடிக்கையாளர் எண் எழுதிய சீட்டு இல்லாமல் மேஜையைத் தாண்டக்கூடாது. பாக்கெட்டுக்குள் கை விட்டுப் பார்க்காமல் எந்தத் துணியும் தொட்டியில் விழக்கூடாது. பிரவுன் பேப்பரில் கட்டிய கட்டுக்கு ஒற்றை முடிச்சு இருந்தால் வீட்டில் யாரிடமும் கொடுக்கலாம். இரட்டை முடிச்சு இருந்தால் உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

"என்னங்க, என் ஃபைலைப் பார்த்தீங்களா? நீல அட்டை. அலமாரியில இருந்தது."

மாஸ்டர் காலரைத் திருப்பிப் போட்டார். "சனிக்கிழமை அலமாரியை ஒழுங்கு பண்ணினேன். கட்ட வேண்டிய துணியெல்லாம் அங்கதான் வச்சிருந்தேன். ஏதாவது கட்டுக்குள்ள சேர்ந்து போயிருக்கும்."

"சேர்ந்து போயிருக்குமா?" அக்காவுக்குத் தலை சுற்றியது. "எந்தக் கட்டு?"

"நேத்து ஒரே ஒரு கட்டுதான் வெளியில போச்சு. இருநூற்றுப் பதினாலு. பல் டாக்டரோட வெள்ளைக் கோட்டு, ஆறு."

சொல்லிவிட்டு அவர் நீராவியைத் திறந்துவிட்டார். புஸ்ஸென்று எழுந்த புகைக்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. அக்கா வாயைத் திறந்தாள். கடிதம் போயிற்றே என்று சொல்லத்தான் திறந்தாள். வந்தது வேறு.

"ஐயோ, என் இருநூறு துணி போச்சே."

அந்த ஃபைல் அவளுடைய பருவ ஆய்வு. கடைக்கு வந்த கறை படிந்த துணிகள் இருநூறு. டீ, எண்ணெய், துரு, ரத்தம், புல், மை என்று ஆறு வகைக் கறை. ஒவ்வொன்றும் எத்தனை நாள் கறையோடு கிடந்தது, எத்தனையாவது அலசலில் போயிற்று என்று ஒரு துணி விடாமல் பதினேழு தாளில் எழுதியிருந்தாள். வரைபடம் போடவில்லை, முடிவுரை எழுதவில்லை. இன்று மாலை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். பருவத்தின் பாதி மதிப்பெண் அதற்குத்தான். கொடுக்காவிட்டால் அந்தப் பருவம் அம்பேல்.

படிப்பை விடப் போகிறவளுக்கு அந்தத் தாள்கள் எக்கேடு கெட்டால் என்ன? இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"வாலு, ஸ்கூட்டரை எடு."

வாலு சுருட்டிய கூந்தலில் பச்சைப் பேனாவைச் செருகிக்கொண்டே வந்தாள். அந்தப் பேனா அவள் அடையாளம். கணக்கும் பச்சை, கையெழுத்தும் பச்சை. விடுமுறை முழுக்க அந்தப் பச்சை மையில் எதையோ எழுதுவதும், அம்மா வந்தால் மடித்து வைப்பதுமாக இருந்தாள். கேட்டால் கணக்கு என்பாள். கணக்கு போடுகிறவர்கள் இப்படித் தானாகச் சிரித்துக்கொள்வதை அக்கா பார்த்ததில்லை.

"அக்கா, ஒரு ஒப்பந்தம்," என்றாள் வாலு, ஸ்கூட்டரைக் கிளப்பியபடி. "டாக்டர்கிட்ட வர்றேன். காலேஜ் கேட் வரைக்கும் கொண்டு விடறேன். கேட்டுக்கு உள்ள நீ யாரோ, நான் யாரோ."

அது முதல் நாளிலிருந்தே இருக்கிற ஒப்பந்தம்தான். அக்கா தலையாட்டினாள். அது அவளுக்கு எப்போதும் கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். இன்று தைக்கக்கூட நேரமில்லை.

பல் மருத்துவமனையில் அவர்களுக்கு முன் எட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்த வரவேற்புப் பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேராக உள்ளே அழைத்துப் போய், சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, கழுத்தில் ஒரு துண்டையும் கட்டிவிட்டாள்.

"எந்தப் பல்லு?" என்றார் டாக்டர், விளக்கை இறக்கியபடி.

"பல்லு இல்லைங்க, ஃபைலு."

டாக்டர் விளக்கை மறுபடியும் ஏற்றினார். அவர் நிதானமான மனிதர். கையுறையைக் கழற்றினார், யோசித்தார், முகம் மலர்ந்தார். கோட்டுக் கட்டின் மேல் தனியாக ஒரு சின்னக் கட்டு வந்ததாகவும், அதற்குள் நீல ஃபைல் ஒன்று இருந்ததாகவும் சொன்னார். நேற்றுச் சாயங்காலம் முழுக்க அவர் மனைவி அதைக் கீழே வைக்கவே இல்லையாம்.

"எனக்கு டீ போட்டுக் குடுக்கிறேன்னு சொன்னாங்க. கடைசியில நான்தான் போட்டேன். காலைல காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க அங்க வேதியியல் பேராசிரியை, தெரியுமில்ல?"

அக்கா நாற்காலியிலேயே மறுபடியும் சாய்ந்துவிட்டாள்.

பதினொன்று போட்ட கை. அந்தக் கையில்தான் இப்போது அவளுடைய முடியாத ஃபைல் இருக்கிறது. கடைசிப் பைக்குள் கடிதமும் இருக்கிறது. இரண்டு வருடமாக இருநூற்றுப் பதினாலின் கோட்டுகளை வெளுத்தவளுக்கு, அவை போகிற வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியாமல் போயிற்று. கொண்டுபோய்க் கொடுப்பது எப்போதும் மாஸ்டர் வேலை.

கல்லூரி கேட் வந்ததும் வாலு ஸ்கூட்டரை நிறுத்தினாள். அம்மா கழுத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த பல் மருத்துவமனைத் துண்டை அவிழ்த்து மடித்துக் கையில் கொடுத்தாள்.

"போம்மா. ஃபைல் பத்திரமாத்தானே இருக்கு, ஏன் இப்படி முழிக்கிறே?"

அக்கா துண்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். வலப்பக்கம் அலுவலகம், இடப்பக்கம் ஆய்வகம். கால் தானாக இடப்பக்கம் திரும்பியது.

ஆய்வகத்தில் வகுப்பு முழுக்க இருந்தது. விடுமுறைத் தூக்கம் யாருக்கும் தெளியவில்லை. மெதுவாகவே நடப்பதால் புயல் என்று பெயர் வாங்கிய பெண், அக்காவைப் பார்த்ததும் பக்கத்து முக்காலியைத் தட்டிக் காட்டினாள். அக்காவுடைய முக்காலியின் மேல் புயலின் பை இருந்தது. வேறு யாரும் உட்காராமல் பிடித்து வைத்திருந்தாள்.

பேராசிரியை அவளைவிடப் பத்து வயது சின்னவர். மேஜை மேல் நீல ஃபைல், அதன் கீழே மடித்த பிரவுன் பேப்பர், சிவப்பு நூல்.

"வாங்க. உங்க வீட்டுக்காரர் போட்ட முடிச்சை அவிழ்க்கவே எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு," என்றார். "உட்காருங்க. நின்னுட்டே இருந்தா நான் திட்டப் போறேன்னு எல்லாரும் நினைப்பாங்க."

அக்கா உட்காரவில்லை. விரல்கள் ஃபைலின் கடைசிப் பைக்குப் போயின. காலி. உறை இல்லை.

படித்திருக்கிறார். எடுத்து வைத்திருக்கிறார். முதல்வர் மேஜைக்கே போயிருக்கலாம். பேராசிரியை ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அக்காவின் காதில் பாதிதான் விழுந்தது.

"டீக்கறை மூணாவது அலசல்ல போகும்னு நான் வருஷா வருஷம் பாடம் எடுக்கிறேன். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. உங்க கணக்குல சிலது முதல் அலசல்லயே போயிருக்கு, சிலது ஆறு அலசியும் போகலை. ஏன்?"

அக்கா விழித்தாள். பிறகு அவளையும் அறியாமல் பதில் சொன்னாள். "அது எவ்வளவு நாள் கிடந்ததுங்கறதைப் பொறுத்தது, மேடம். அன்னிக்கே கொண்டு வந்தா போயிடும். சில பேர் கறை பட்டதும் மடிச்சு அலமாரியில ஒளிச்சு வச்சுடுவாங்க. பத்து நாள் கழிச்சு எடுத்துட்டு வருவாங்க. அது லேசுல போகாது."

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சர்க்கரை டப்பா நினைவுக்கு வந்தது. கன்னம் சூடாகியது.

"இதைத்தான் முடிவுரையில எழுதணும். அது இல்லையே?" பேராசிரியை ஃபைலை அவள் பக்கம் தள்ளினார். "வீட்டுக்கு வந்தது என் கணக்குல சேராது. வகுப்புல, நாலு மணிக்குள்ள, வரைபடத்தோட குடுத்தாதான் சேரும். இப்ப பதினொண்ணாகப் போகுது."

அந்த 'பதினொண்ணு' காதில் விழுந்ததும் அக்கா திடுக்கிட்டாள். பேராசிரியை மணியைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த ஆய்வக மேஜையில் நடந்ததை ஒரு வேலை என்று சொல்வதா, கூத்து என்று சொல்வதா தெரியவில்லை. அக்கா எண்களை வாசிக்க, புயல் எழுதினாள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அக்கா மூன்று வரி வாசித்துவிட்டாள். அலசலுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று இரண்டு பட்டியலாகவும் பிரிக்க வேண்டும். சாப்பாட்டு மணி அடித்தபோது எண்பது துணிதான் தேறியிருந்தது. பின் வரிசைப் பையன்கள் மூன்று பேர் தாமாகவே வந்து ஆளுக்கொரு கறையை எடுத்துக்கொண்டார்கள். 'துருவுக்கு நான்', 'ரத்தம் எனக்கு வேண்டாம், மயக்கம் வரும்' என்று பங்கு பிரித்தார்கள். மதிப்பெண் அக்காவுக்குத்தானே, உங்களுக்கு என்ன என்று யாரோ கேட்டதற்கு, விடுமுறைக்கு முன்னால் தங்கள் ஆய்வக அங்கியில் கொட்டிய மைக்கறையை எடுத்துக் கொடுத்தது யார் என்று புயல் திருப்பிக் கேட்டாள். புயல் வேகமாகப் பேசி அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

மணி மூன்று. எண்கள் தயார். வரைபடம்தான் வரவில்லை. இருநூறு புள்ளிகளையும் ஒரே தாளில் வைத்ததும், யாரோ மிளகைக் கொட்டியது போல இருந்ததே தவிர, ஒன்றும் விளங்கவில்லை. அக்கா அழித்தாள். மறுபடி போட்டாள். மறுபடி அழித்தாள். தாள் கிழிந்தது.

ஆய்வகக் கதவு திறந்தது. வாலு நின்றாள். பின்னால் அவள் தோழிகள் நாலைந்து பேர், மூன்றாம் வருடத்தின் முழு மிடுக்கோடு. அக்கா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

"அம்மா."

ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படிதான் கூப்பிட்டாள். புயலின் கையிலிருந்த அளவுகோல் கீழே விழுந்தது. அக்கா நிமிரவே பயந்தாள்.

வாலு நேராக வந்து, அம்மாவின் தோளில் கை போட்டுக் கிழிந்த தாளைப் பார்த்தாள். "இது எங்கம்மா," என்று தோழிகளிடம் சொன்னாள், ஏதோ புதிதாக வாங்கிய பொருளைக் காட்டுவது போல. பிறகு கூந்தலிலிருந்து பச்சைப் பேனாவை உருவினாள். "இருநூறையும் ஏம்மா தனித்தனியா வைக்கிறே? கறை கிடந்த நாளை வச்சு நாலு கூடையாப் பிரி. அன்னிக்கே வந்தது, மூணு நாள், ஒரு வாரம், அதுக்கு மேல. ஒவ்வொரு கூடைக்கும் ஒரு சராசரி. நாலே நாலு தூண் போதும்."

நாலு கூடை. கடையில் தினமும் செய்கிற வேலை. இதுவா வரைபடம்?

நாலு தூண்களும் படிக்கட்டு மாதிரி ஏறி நின்றன. யார் பார்த்தாலும் விளங்கும். நாளாக ஆக அலசல் கூடுகிறது. அக்கா அதன் கீழே முடிவுரையை எழுதினாள். இந்த முறை பேனா நிற்கவே இல்லை. எந்தக் கறை என்பதைவிட எத்தனை நாள் மறைந்து கிடந்தது என்பதுதான் முக்கியம் என்று எழுதி, அடியில் கோடு போட்டாள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஃபைல் பேராசிரியையின் மேஜைக்குப் போயிற்று. அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தார். பதிவேட்டில் தேதி போட்டார்.

அக்கா நகரவில்லை. இப்போது கேட்காவிட்டால் இன்று தூக்கம் வராது.

"மேடம், இதுக்குள்ள வேற ஏதாவது இருந்துதா?"

"இருந்துதே. நிறையப் பஞ்சு. மூணு தடவை தும்மினேன்." பேராசிரியையின் முகத்தில் வேறு எதுவும் இல்லை. "வேற என்ன இருக்கணும்?"

"ஒண்ணுமில்லை." அக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தப் பதினொண்ணு, மேடம். என் விடைத்தாள். அதைக் கொண்டு வந்தா எங்க தப்புன்னு சொல்லுவீங்களா?"

"பதினொண்ணும் அதுக்குக் கீழயும் வாங்கினவங்க பதினாலு பேரு. இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்." பேராசிரியை பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்குக் காலைல எட்டரை. மீதிப் பதிமூணு பேரையும் இழுத்துட்டு வாங்க. நீங்க சொன்னா வருவாங்க."

கல்லூரிப் படிகளில் இறங்கும்போது அக்காவுக்கு நடப்பதா குதிப்பதா என்று தெரியவில்லை. கேட்டுக்கு உள்ளேயே, அத்தனை பேர் முன்னாலும், வாலு ஸ்கூட்டரோடு காத்திருந்தாள்.

கடைக்கு வந்தபோது மணி ஐந்தரை. மாஸ்டர் மேஜைவிரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வாலு பின்கட்டில் கை கழுவிவிட்டு டீ போடப் படியேறினாள். அக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலி, துண்டு, நாலு தூண், 'எங்கம்மா'. மாஸ்டர் தலையாட்டிக் கேட்டார். 'எங்கம்மா' வந்தபோது மட்டும் அவர் கை நின்றது.

பேசியபடியே அக்கா, ஃபைலோடு மேடம் திருப்பிக் கொடுத்திருந்த பிரவுன் பேப்பரைப் பையிலிருந்து எடுத்தாள். அந்தக் கடையில் பேப்பரும் நூலும் வீணாகக் கூடாது. சிவப்பு நூலில் எண் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. 214, மாஸ்டரின் கையெழுத்து. நூலில் முடிச்சுத் தடம் இரண்டு.

இரட்டை முடிச்சு.

அக்கா பேச்சை நிறுத்தினாள். தவறிப்போய்க் கட்டுக்குள் சேர்ந்த பொருளுக்குத் தனிக் கட்டு ஏது? தனிச் சீட்டு ஏது? உரியவர் கையில் கொடு என்கிற முடிச்சு ஏது? இருபத்திரண்டு வருடத்தில் இந்த மனிதர் கையில் ஒரு கைக்குட்டைகூட மாறிப் போனதில்லையே.

"நீங்க வேணும்னே குடுத்தீங்க. மேடம் கையில."

மாஸ்டர் மேஜைவிரிப்பின் ஓரத்தைத் தடவிவிட்டார்.

"என்னைக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

கோபம் வர வேண்டிய இடம். வந்தது, ஆனால் வாசலோடு நின்றுவிட்டது. "அப்ப, அதுல ஒரு உறை..."

"பாக்கெட் பார்க்காம நான் எதையும் அனுப்பறதில்லை."

"எங்க அது?"

"அதுல கறை இருந்தது," என்றார் மாஸ்டர். "ஊறப் போட்டிருக்கேன்."

பின்கட்டில் சின்ன நீல வாளி. சனிக்கிழமையிலிருந்து சோப்புத் தண்ணீரில் கிடந்த காகிதம் கூழாகியிருந்தது. 'குடும்பச் சூழ்நிலை' எங்கே, 'இயலவில்லை' எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. அக்கா வாளியின் முன் குந்தி உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். உள்ளேயிருந்து மாஸ்டரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் ரொம்ப அபூர்வம்.

கூழைக் கொட்டப் போனவளின் கையில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

இன்னொரு தாள். இது புதிதாக விழுந்தது, இன்னும் கரையவில்லை. அக்கா அதை உள்ளங்கையில் விரித்தாள். பச்சை மை, வாலுவின் கையெழுத்து. பச்சை மை ஐந்து அலசல் தாங்கும் என்று அவளுடைய பதினாறாம் தாளிலேயே இருக்கிறது. மேலே யாருக்கோ எழுதியிருந்த வரிகள் கலங்கிவிட்டன. கடைசி இரண்டு சொற்கள் மட்டும் தெளிவாக நின்றன.

'எனக்குச் சம்மதம்.'

"என்னங்க," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "இதுல எத்தனை தாள் போட்டீங்க?"

"ஒண்ணுதான். ஏன்?"

மாடியில் வாலு டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சகிக்காத பாட்டு, நடுவிலேயே சட்டென்று நின்றது.